யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஏவிஆர் வகை மைக்ரோகண்ட்ரோலர்களை, அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினிகளை, புழங்குகிறவர்களில் அவற்றுக்குள் நிரல் ஏற்றும் யூஎஸ்பிஏஎஸ்பி என்ற சிறிய புரோகிராமரைத் தொடாதவர் குறைவு. தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்து, சுற்று வரைபடத்தையும் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் ஓடும் நிரலையும்) எல்லோருக்கும் திறந்து வைத்த கருவி இது. உள்ளே ஓர் ஏடிமெகா8 சிப், அதற்குக் கடிகாரத் துடிப்பு தரும் ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், கையளவு ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வடிவமைப்பைப் பார்த்து யார் யாரோ செய்த நகல்கள். அப்படிப்பட்ட ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் வாங்கி, பம்புசெட் டைமர் போர்டுகளுக்கு நிரல் ஏற்ற ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன்.

வாங்கிய அன்றே சண்டை தொடங்கிவிட்டது. உறை பிரிக்காத ஐந்து ஏடிமெகா328பி சிப்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஐந்துக்கும், கணினியிலிருந்து நிரல் ஏற்றும் ஏவிஆர்டியூட் மென்பொருள் ஒரே பாட்டைப் பாடியது: எதிர்முனைச் சிப் பதில் தரவில்லை. ஆனால் பழைய ஆர்டுயினோ யூனோ போர்டிலிருந்து கழற்றிய சிப் மட்டும் முதல் முயற்சியிலேயே பதில் தந்தது. இதைப் பார்க்கிற எவரும் ஐந்து சிப்களும் போலி என்றுதான் முடிவு கட்டுவார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன், விற்றவருக்குக் கோபமாக ஒரு கடிதமும் எழுதினேன்.

உண்மையில் சிப்களில் குறையில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா328பி தன் உள் ஆஸிலேட்டரின் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. சிப்பின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பைட்டுகளை ஃபியூஸ் என்பார்கள்; அதன் கீழ் ஃபியூஸ் மதிப்பு 62 (பதினாறடிமான எண்) என்பதன் பொருள் இதுதான். நிரல் ஏற்றும்போது நாம் கொடுக்கும் கடிகாரத் துடிப்பு, சிப்பின் சொந்த வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். சிப் 12 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ ஓடினால் ஆறில் ஒரு பங்கு. ஆக, புதுச் சிப்புக்கு உச்ச வரம்பு 250 கிலோஹெர்ட்ஸ். யூஎஸ்பிஏஎஸ்பியின் இயல்பு வேகமோ 375 கிலோஹெர்ட்ஸ். யூனோவில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடிப் பழகிய சிப்புக்கு அது பொருட்டல்ல. புதிதாக வந்ததற்கோ அந்தத் துடிப்பு காதிலேயே விழவில்லை.

ஏவிஆர்டியூட் கட்டளையில் பெரிய எழுத்து ‘பி’யுடன் (-B) 10 என்று கொடுத்தால் வேகம் 93.75 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். என் கருவியில் இறங்கவில்லை. துடிப்பு நேரத்தை மாற்ற முடியவில்லை, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும் என்ற எச்சரிக்கைதான் வந்தது. அந்தப் ‘புது’ ஃபர்ம்வேர் 2011 மே மாதத்தில் வெளிவந்தது என்பதைக் கவனியுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்கு முந்தியதை ஏற்றி விற்பது சோம்பேறித்தனம் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தோன்றவில்லை.

தற்காலிக வழியாக வேகத்தைக் குறைக்கும் மூன்றாம் ஜம்பரை (இரு ஊசிகளை இணைக்கும் சிறு இணைப்பை) இணைக்கலாம். என் நகலில் அந்த இடத்தில் ஊசிகளே இல்லை, இரண்டு வெற்றுத் துளைகள்தான். ஒரு கம்பித் துண்டை வைத்து சால்டர் செய்தேன். வேகம் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியது, ஐந்து சிப்களும் உயிரோடு பதில் தந்தன. ஆனால் 12 கிலோபைட் நிரலை ஏற்றிச் சரிபார்க்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனது. நாற்பது போர்டு முடிக்க வேண்டிய நாளில் அது பெரிய நேரம். பிறகு, யூனோ ஒன்றையே புரோகிராமராக மாற்றி, அதன் ரீசெட் காலுக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வைத்து, யூஎஸ்பிஏஎஸ்பியின் சொந்தச் சிப்புக்கே நிரல் ஏற்ற விடும் இரண்டாம் ஜம்பரை இணைத்து, 2011 ஃபர்ம்வேரை ஏற்றினேன். அன்றிலிருந்து வேகம் சொன்னபடி கேட்கிறது. விற்றவருக்கு எழுதிய கடிதத்தில் சிப்களைப் பற்றிய வரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், கருவியைப் பற்றிய வரிகளை அல்ல.

இரண்டாவது தொல்லை சிப்பின் திருத்தப் பதிப்பால் வந்தது. பழைய ஏடிமெகா8, ஏடிமெகா8ஏ ஆனபோது, சிப் எது என்று மென்பொருளுக்குச் சொல்லும் அடையாள எண் மாறவில்லை. கருவிக்கும் மென்பொருளுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஏடிமெகா328 குடும்பம் அப்படியல்ல. ‘பி’ (P) இல்லாத 328இன் அடையாளத்தில் கடைசி பைட் 14, 328பிக்கு 0எஃப், அதன் திருத்தப் பதிப்பான 328பிபிக்கு (328PB) 16. என் கணினியிலிருந்த பழைய ஏவிஆர்டியூட் அமைவுக் கோப்பில் பிபிக்கு இடமே இல்லாததால் அடையாளம் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. கட்டாயப்படுத்தும் விருப்பத்தைப் போட்டு மேலே போகலாம் என்று பலர் சொல்வார்கள், போகாதீர்கள். அடையாளச் சோதனை நம்மைத் தடுக்க வைத்த வேலி அல்ல, கிணற்றுக்கு வைத்த சுவர்.

காரணம் ஆஸிலேட்டரில் இருக்கிறது. பம்பு ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் அடிக்கும்போது எழும் மின் இரைச்சலைத் தாங்குவதற்காக, 328பியில் கிரிஸ்டலை வலுவாக ஆட்டும் முழு வீச்சு ஆஸிலேட்டரை, அதாவது எஃப்7 என்ற கீழ் ஃபியூஸை வைத்துத்தான் எங்கள் போர்டுகள் ஓடின. 328பிபியில் அந்த முழு வீச்சு ஆஸிலேட்டரே நீக்கப்பட்டுவிட்டது. தரவுத்தாளில் அந்த இடம் ஒதுக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் ஏற்படும் விளைவுக்கு யூஎஸ்பிஏஎஸ்பி பொறுப்பாகாது. பிபிக்கு எஃப்எஃப் என்ற குறைந்த மின்திறன் அமைப்பை வைத்து, கிரிஸ்டலையும் இரண்டு 22 பைக்கோஃபாரட் கப்பாசிட்டர்களையும் சிப்பின் கால்களை ஒட்டியே கொண்டுவந்தோம். விரிவு ஃபியூஸிலும் பிபிக்குக் கடிகாரத் தவறைக் கண்டறியும் பிட் ஒன்று கூடுதலாக உண்டு என்பதால், அதையும் பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்கக் கூடாது. 32 கால் உறையில் 3ஆம் காலும் 6ஆம் காலும் 328பியில் தரையும் மின்வழங்கலுமாக இருந்தவை, பிபியில் சாதாரணக் கால்களாகிவிட்டன. பழைய போர்டில் பொருத்தும்போது அவற்றை வெளியீடாக மாற்றாமல் இருந்தால் போதும்.

ஒரு சிப்பை நானே கொன்றும் இருக்கிறேன். ‘வெளிக் கடிகாரம்’ என்ற அமைப்பைக் கிரிஸ்டல் என்று எண்ணித் தேர்ந்தெடுத்துவிட்டேன். அது துடிப்பை வெளியிலிருந்து எதிர்பார்ப்பது, கிரிஸ்டலைத் தானே ஆட்டாதது. மறுபடி அதே செய்தி: பதில் தரவில்லை. யூனோவின் 9ஆம் காலில் டைமர் வழியாக 8 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை உண்டாக்கி, கிரிஸ்டலின் உள்ளீட்டுக் காலில் கொடுத்தவுடன் சிப் எழுந்து உட்கார்ந்தது. ஃபியூஸைத் திருத்தி வேலைக்கு அனுப்பிவிட்டேன். கிரிஸ்டல் ஓடுகிறதா என்று பார்க்க ஆஸிலாஸ்கோப்பின் முனையை நேரடியாகக் காலில் வைத்தால், முனையின் கொள்திறனே அலைவை நிறுத்திவிடலாம். கீழ் ஃபியூஸை பிஎஃப் (BF) ஆக்கினால் சிப்பின் கடிகாரம் போர்ட் பியின் பூஜ்யம் காலில் (PB0) வெளிவரும்; அங்கே பார்ப்பது பாதுகாப்பானது.

குறைகளில் இன்னொன்று, 3.3 வோல்ட் ஜம்பர். என் நகலில் அது எதிர்முனைக்குப் போகும் மின்வழங்கலை மட்டுமே மாற்றுகிறது. தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்தான் வருகிறது, மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 3.3 வோல்ட் சென்சாரோ மெமரி கார்டோ உள்ள போர்டில் இதை இணைக்க மாட்டேன். யூபிடிஐ என்ற நிரலேற்றும் முறையில் ஒரே கம்பியில் பேசும் புதிய ஏடிடைனி சிப்களுக்கும் இது உதவாது. அவற்றுக்கு யூஎஸ்பி சீரியல் மாற்றியும் ஒரு ரெசிஸ்டரும் போதும், ஏவிஆர்டியூட்டின் 7ஆம் பதிப்பே அதற்கு வழி செய்திருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். ஃபர்ம்வேரைப் புதுப்பித்து விற்கும் கடையிலிருந்து கிடைத்தால் நான்கு. கையில் யூனோ ஒன்று இல்லாதவர்கள், வாங்குவதற்கு முன் ஃபர்ம்வேரின் தேதியைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.