டேப்பை இழுத்துப் பார்த்த பந்தல்காரர்

காசிமேட்டில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுகிறோம். விழாக் குழுவில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் பந்தல், சவுண்ட், லைட், பாத்திரம் எல்லாவற்றுக்கும் பேரம் பேசுவதும் என் தலையில்தான். மூன்று வருடமாகத் தண்டையார்பேட்டையில் ஒரே கடையில் எடுக்கிறோம். குறையும் எழுதப் போகிறேன் என்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

அதற்கு முன்னால் எடுத்த இடத்தில் ரேட்டையும் போனிலேயே சொல்லி, ஆர்டரையும் போனிலேயே முடித்தார்கள். பந்தல் கால் ஒன்று அடிபம்பை மறித்து நின்றது. காலையில் தண்ணி பிடிக்க வந்த பெண்கள் அம்மனை விட்டுவிட்டு எங்களுக்கு அர்ச்சனை செய்தார்கள்.

இந்தக் கடை அண்ணன் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே தெருவுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து இழுத்தார். பதினாலு அடி. "ஆம்புலன்ஸ் வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு, கால்களைச் சுவர் ஓரமாக நட்டுக் கூரையை உயர்த்துவதாகச் சொன்னார். பையன்களுக்கு மெயின் ரோட்டில் லைட் வளைவு வைக்க ஆசை. கன்டெய்னர் லாரி போகிற ரோடு, இடித்தால் மொத்தமும் மேலே விழும், வேண்டாம் என்று மறுத்தார். வளைவு வைத்திருந்தால் அவருக்குத்தான் பன்னிரண்டாயிரம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

தகரக் கூரை கேட்டோம். மழை விழுந்தால் மைக்கில் பேசுவது ஒருத்தருக்கும் கேட்காது என்றார். துணிக்கு மேல் தார்ப்பாய் போட்டு, கோயில் வாசலுக்குத் தண்ணீர் வராதபடி சரிவு வைத்துக் கட்டினார். ஆடியில் இங்கே சாயங்காலம் மேற்கே கருத்தால் அரை மணி நேரத்தில் கொட்டும். போன வருடமும் கொட்டியது. கூழ் அண்டாவில் ஒரு சொட்டு விழவில்லை.

சீரியல் செட் கட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கடல் பக்கம் என்பதால் பழைய ஜாயிண்டில் செம்பு பச்சை பூத்திருந்தது. அவருடைய ஆள் அதைப் பற்களால் கடித்துத் துப்பவில்லை (பழைய கடையில் அப்படித்தான்!). கத்தரித்து எறிந்து, புதிதாகச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினார். ஒரு சரத்துக்கு ஏழெட்டு இடம். அந்த வேலைக்கே மதியம் ஆகிவிட்டது. பையன்கள் சலித்துக்கொண்டார்கள். இரண்டு ராத்திரியும் ஒரு பல்பு கூட அணையவில்லை.

அடுத்தது சவுண்ட். கூம்பு ஸ்பீக்கர் தரவே மாட்டார், பாக்ஸ் மட்டும்தான். ஸ்டேஷனில் மைக் அனுமதி வாங்கிய காகிதத்தைப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுவார். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை எங்கள் தலைவரை விட நன்றாகச் சொல்கிறார். போன வருடம் கானா கச்சேரி உச்சத்தில் இருந்தபோது மணி பத்து. ஒயரைப் பிடுங்கிவிட்டார். "அண்ணே, ஒரே ஒரு பாட்டு" என்று பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கினு போனா உங்க கமிட்டியா மீட்டுத் தரும்?" என்றார். எனக்கும் கோபம்தான், அது நல்ல பாட்டு. ஆனால் எதிர் வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை இருந்தது.

சரி, குறைகள். டீசல் கணக்கில் அவரை நம்பாதீர்கள். மொத்த ரேட்டில் டீசல் சேராது என்பதை முதல் வருடம் பில் போடும்போதுதான் சொன்னார். ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் ஓடியதற்கு இருபது லிட்டர் எழுதியிருந்தார். சண்டை போட்டுப் பதினொன்றுக்கு இறக்கினேன். இப்போது நாங்களே வாங்கி ஊற்றுகிறோம். மேடைத் துணியில் வேறு யாருடைய கல்யாணச் சாம்பாரோ இருந்தது. கால் நட்ட குழிகளை மூடாமலே போகிறார்கள். ஒவ்வொரு வருடமும் நாங்கள்தான் ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைத்தோம்.

பணம் கட்டுவதில் மட்டும் நெருக்கமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். போட் இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், அதற்குள் ஆடி வந்துவிடும். எங்கள் தெருவில் அப்போது வசூலுக்குப் போனால் வாசலில் மோர்தான் கிடைக்கும். இது தெரிந்து ஐயாயிரம் அட்வான்ஸ் போதும் என்பார், மீதியை ஆவணிக்குள் கொடுத்தால் சரி. ஆனால் தேதியை மட்டும் ஜூனிலேயே சொல்லிவிடுங்கள். ஆடிக்கு நாலைந்து ஞாயிறுதான், எல்லாத் தெருவுக்கும் ஞாயிறுதான் வேண்டும். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் போனே எடுக்கமாட்டார். காசிமேடு துறைமுகத்திலும் சிலை கரைப்பதால் அவருடைய வண்டி எல்லாம் ஊர்வலத்தில் இருக்கும்.

பாத்திரம் எண்ணுவதில் கறார். இந்த வருடம் குத்துக்கரண்டி இரண்டு குறைகிறது என்று மூன்று வாரம் விடாமல் கேட்டார். இல்லவே இல்லை என்று நானும் சண்டை போட்டேன். ஒன்று கோயில் பின்னாலிருந்து கிடைத்தது. இன்னொன்று என் வீட்டுப் பரணில் இருந்தது. அதை என் மகன் கையில் கொடுத்தனுப்பினேன், நான் போகவில்லை.