ட்ரைபாட் அருமை, உவரிக்கு ஆகாது

கேமராவை நிறுத்துகிற இந்த ட்ரைபாட் விலை இறங்கியதிலிருந்து "அண்ணாச்சி, நீங்க வச்சிருக்கதுதான, வாங்கலாமா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் எழுதுவதைவிட மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதற்குள் போகவில்லை. கேட்டவர்களுக்கு எந்த பிராண்ட் என்று தெரியும், அதனால் பெயரும் வேண்டாம். எனக்கு இதில் இருக்கும் பிரச்சினை ஒன்றே ஒன்று, காலைத் திருகிப் பூட்டுகிற அந்த ட்விஸ்ட் லாக்.

கடைக்குள் வைத்துத் திருகிப் பார்த்தால் சொர்க்கம். அரைத் திருகில் கால் இறங்கும், அரைத் திருகில் பிடித்துக்கொள்ளும். அதே காலைத் திருநெல்வேலிக் கடற்கரையான உவரியில் அலை வந்து திரும்புகிற இடத்தில் ஊன்றி, இருட்டுகிற வரைக்கும் படம் எடுத்துவிட்டு மடக்கிப் பாருங்கள். கரகரவென்று ஒரு சத்தம் வரும். பல் கூசும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எல்லாக் கடற்கரையிலும்தானே மணல் இருக்கிறது என்று கேட்கலாம். நம்ம பக்கத்து மணல் வேறு. உவரியிலிருந்து கூட்டப்புளி வரைக்கும் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அலை இழுத்த இடத்தில் செவ்வரியும் கருவரியுமாக மணல் படிந்து கிடக்கும். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இலேசான மணலை அலை அள்ளிக்கொண்டு போய்விட, கனமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. சாதாரண வெள்ளை மணலைவிட கார்னெட் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். லாக்கின் மரைக்குள் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டால், உதறினாலும் தட்டினாலும் வெளியே வராது. தச்சு வேலைக்காரர்கள் மரத்தை இழைக்கிற உப்புத்தாளில் ஒட்டுவதும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்புத் தகடு வெட்டுகிற மிஷினில் கலந்து விடுவதும் இதே கார்னெட்தான். இந்த ட்ரைபாடில் குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம். இரண்டையும் சேர்த்து வைத்துத் திருகினால் எது தேயும் என்று சொல்லவே வேண்டாம்.

வளையம் தேய்ந்ததும் என்ன ஆகும்? லாக் பிடித்த மாதிரிதான் இருக்கும், கைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது செகண்ட் ஷட்டர் திறந்து வைத்தால், பத்தாவது செகண்டிலிருந்து ஒரு கால் மட்டும் மயிரிழை மயிரிழையாக இறங்கும். கேமராவின் சின்னத் திரையில் படம் நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்தடுப்பு) பாறை ஒவ்வொன்றுக்கும் இரட்டை விளிம்பு. ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்தது அத்தனையும் அப்படிப் போயிருக்கிறது. அன்றைக்கு அலையும் மேகமும் அமைந்த மாதிரி அதற்கப்புறம் எனக்கு அமையவே இல்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நிறையவே இருக்கிறது.

நம்ம கரை கிழக்கும் தெற்கும் பார்த்தது, சூரியன் ஊர்ப் பக்கம்தான் விழும், கடலில் இல்லை. மார்கழியில் மட்டும் தென்மேற்கே சாய்ந்து கரையை ஒட்டி இறங்கும். இதனால் சாயங்காலம் உவரிக்குப் போய் என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒருதடவையாவது சூரியன் விழுந்த பிறகு கடல் பக்கம் திரும்பி நின்று பார்க்க வேண்டும். அடிவானத்தில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு. அந்த நீலம் பூமியின் நிழல். வானம் சுத்தமாக இருந்தால் பத்து நிமிஷத்துக்குப் பளிச்சென்று நிற்கும், அப்புறம் இருட்டில் கரைந்துவிடும். பௌர்ணமி என்றால் அந்தப் பட்டைக்குள்ளேயிருந்து நிலா வரும். கப்பல் மாதா கோயிலில் விளக்குப் போடுகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். எங்கே திருப்புவது என்று தெரியாமல் கை பரபரக்கும்.

இந்த வேலைக்கு இதன் பால் ஹெட்டை, அதாவது கேமராவை எந்தப் பக்கமும் திருப்பிப் பூட்டுகிற உருண்டைத் தலையை, அடித்துக்கொள்ள நான் தொட்டுப் பார்த்தவற்றில் வேறு இல்லை. 200 மிமீ ஜூமைப் போட்டு நிலாவைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்துத் திருகை இறுக்கினால், வைத்த இடத்தில் நிற்கிறது. முன்பு நான் வைத்திருந்ததில் இறுக்கியதும் லென்ஸ் தலையைத் தொங்கப்போடும், அதற்குத் தோதாகக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்து இறுக்க வேண்டும். நிலா தன் அகலம் நகர இரண்டு நிமிஷம்தான் எடுக்கும், அதற்குள் இந்தக் கூத்தெல்லாம் நடத்த முடியாது.

காற்றுக்கும் அசையாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்ம ஊரில் அப்படியே நடக்கிற சங்கதி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து, பணகுடி காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, நேராகக் கடலுக்குப் போகிற மேல்காற்று அது. அந்தக் காற்றில் நடுத்தண்டை ஏற்றாமல், காலின் கடைசிப் பகுதியைக் கொஞ்சமாக மட்டும் இழுத்து, பையைக் கொக்கியில் மாட்டித் தரையைத் தொடும்படி விட்டு அரை செகண்ட் படங்கள் எடுத்திருக்கிறேன். அலை பின்வாங்கும்போது நுரை நூல் நூலாக இழுபடுகிற படத்துக்கு அந்த அரை செகண்டுதான் அளவு. ஒவ்வொரு நூலும் தனித்தனியாக விழுந்திருந்தது.

இவ்வளவு நல்ல பொருளுக்குத் தேய்ந்த வளையத்தை மாற்றக் கேட்டால், கம்பெனி சொன்ன பதில்: உள்ளே மணல் போனால் வாரண்டி கிடையாது. சரி, காசு கொடுக்கிறேன் என்றேன். வளையம் தனியாக விற்பதில்லையாம், முழுக் காலும்தான் வாங்க வேண்டுமாம். அந்தக் காலின் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறு ட்ரைபாடே வந்துவிடும். கடற்கரைப் படம் போட்டு விளம்பரம் செய்கிற கம்பெனி கடற்கரை மணலுக்குப் பொறுப்பில்லை என்கிறது. எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

கடைசியில் கைகொடுத்தது இரண்டு பேர். ஒருவர் பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பழைய வளையத்தை விரலில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, நைலான் தண்ணீரை இழுத்து உப்பிவிடும் என்று சொல்லி டெல்ரின் என்கிற, தண்ணீரை அவ்வளவாக இழுக்காத பிளாஸ்டிக் ராடில் கடைந்து, ஒரு பக்கம் கீறியும் கொடுத்தார். அசலைவிட நன்றாகப் பிடிக்கிறது. இன்னொருவர் உவரியில் படகு எஞ்சின் பார்க்கிற பெரியவர். நான் கரையில் உட்கார்ந்து காலைத் துணியால் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "எய்யா, தொடைச்சா தேயத்தான செய்யும்? உப்புத்தண்ணி பட்டதுக்கு நல்ல தண்ணி காட்டணும்லா" என்றார். கரைக்கு வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுவதையும் காட்டினார். அன்றிலிருந்து கரையில் வைத்து மடக்குவதே இல்லை. கால்களை இழுத்தபடியே வண்டிக்குத் தூக்கி வந்து, கேனில் கொண்டுபோன தண்ணீரை லாக்கின் மேல் ஊற்றிவிட்டுத்தான் திருகுகிறேன். வீட்டில் முழுதாகக் கழற்றி, பழைய பல்தேய்க்கும் பிரஷால் மரையைத் தேய்த்து, காயவைத்து, துளி கிரீஸ். ஸ்டீல் ஸ்க்ரூ அலுமினியத்தில் இறங்குகிற இடங்களையும் பார்க்க வேண்டும். இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும், வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பித்தால் அதுதான் அடையாளம்.

இவ்வளவும் செய்து, போன வாரம் இன்னொரு காலிலும் அந்தக் கரகர ஆரம்பித்துவிட்டது. அதனால் இன்றைக்கு என் பதில்: வாங்காதீர்கள். பாபநாசம், குற்றாலம், தாமிரபரணிப் படித்துறை என்று சுற்றுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இந்த விலைக்கு இந்த பால் ஹெட் கிடைக்காது. உவரி, கூட்டப்புளி, மணப்பாடு என்று போகிறவர்கள், கால் கிலோ எடை கூடினாலும், திறந்து கழுவ வசதியான கிளிப் லாக் போட்டதைப் பாருங்கள். என்னுடையதை விற்பீர்களா என்று ஒருவர் கேட்டார். மாட்டேன். அடுத்த பௌர்ணமிக்கும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்தக் கம்பெனி வளையத்தைத் தனியாக விற்கட்டும், அன்றைக்கே வாங்குங்கள் என்று இதை மாற்றி எழுதுகிறேன்.