பாதி ஜெயித்த மேல்முறையீடு: செலவுத்தொகை கேட்பதா, விடுவதா?

கோவையில் ஒரு கம்பெனியில், தகடு அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் என் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. தொழிலாளர் துணை ஆணையர் இழப்பீடு கொடுத்தார். ஆனால் வட்டியை உத்தரவு நாளிலிருந்துதான் போட்டார். பணத்தைத் தாமதித்ததற்குக் கம்பெனி நிர்வாகம் தம்பிக்குத் தரவேண்டிய அபராதம் இல்லை என்றார். இரண்டையும் கேட்டு உயர் நீதிமன்றம் போனோம். விபத்து நாளிலிருந்தே வட்டி என்று கிடைத்தது. பணம் தராமல் இழுத்ததற்கு நிர்வாகம் சொன்ன காரணத்தை ஏற்று, அபராதத்தைத் தள்ளிவிட்டார்கள்.

தீர்ப்பு நாளில் வக்கீல் கேட்டார்: "வழக்குச் செலவை விகிதப்படி கேட்கட்டுமா, அவரவர் செலவு அவரவருக்கு என்று விட்டுவிடட்டுமா?"

விட்டுவிடுங்கள் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

விகிதம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஜெயித்த அளவுக்குச் செலவு. சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஆம் பிரிவும் தோற்றவர்தான் செலவைத் தரவேண்டும் என்ற பொது விதியையே சொல்கிறது. ஆனால் விகிதத்தை எதை வைத்து அளப்பது? இழப்பீடு 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டி, விபத்திலிருந்து உத்தரவு வரை நான்கு வருஷத்துக்கு 1,92,000 ரூபாய். அது நாங்கள் ஜெயித்தது. அபராதம் அதிகபட்சம் 50 சதவீதம், 2 லட்சம். அது தோற்றது. ரூபாயில் அளந்தால் நாங்கள் பாதிகூட ஜெயிக்கவில்லை! நிர்வாகமும் தன் பங்குக்குச் செலவு கேட்டால், கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை.

சரி, முழுசாகவே கிடைத்தாலும் கைக்கு என்ன வரும்? செலவுப் பட்டியலில் ஏறுவது விதிப்படியான வக்கீல் கட்டணம், முத்திரைச் செலவு போன்றவைதான். தம்பி சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறியதும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனதும் அதில் வராது. அந்தச் சின்னத் தொகையையும் நிர்வாகம் தராவிட்டால் உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு மறுபடி அலைய வேண்டும்.

ஒரு பயம் மட்டும் எங்களுக்கு இல்லை. நிர்வாகத்துக்குச் செலவு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தாலும், அதை இழப்பீட்டில் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வழக்கு நடந்த 1923-ஆம் வருஷ ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதைத் தடுத்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது.

நான் கூட இருந்து பார்த்தது இந்த ஒரு வழக்குதான். டாக்டர் சாட்சிக்கே பெரிய செலவு செய்து, அந்த விஷயத்தில் முழுசாக ஜெயித்தவர்கள் அந்தச் செலவையாவது தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லை. வட்டிப் பணம் தம்பியின் வங்கிக் கணக்கில் ஏறிய அன்றே வழக்குக் காகிதங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டான்.