குன்னூரில் விற்பனைக்கு வந்துள்ள மெர்சிடிஸ் 230 எஸ்எல்: வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் வழியில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் மோட்டார் ஷெட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் மெர்சிடிஸ் பென்ஸ் 230 எஸ்எல் காரை அதன் உரிமையாளர் குடும்பத்தினர் இப்போது விற்க முன்வந்திருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டுத் தயாரிப்பு, வலப்பக்க ஸ்டீயரிங், நான்கு கியர், தந்த நிறம், பழைய மெட்ராஸ் மாநிலப் பதிவு எண். விலையை நேரில் வந்து பார்ப்பவர்களிடம் மட்டுமே சொல்கிறார்கள் என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது புதுப்பிக்கப்பட்ட கார் அல்ல, ஓடும் நிலையில் காப்பாற்றப்பட்டு வந்த கார், அதன் மதிப்பு முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மெர்சிடிஸ் நிறுவனம் 1963 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இந்த மாடலை அறிமுகப்படுத்தியது. 1967 தொடக்கம் வரை 19,831 கார்கள் தயாராயின; அதன் பின் 250 எஸ்எல், 280 எஸ்எல் ஆகியவை இதே உடலமைப்பில் வந்தன. உருவத்தை வரைந்தவர் பால் பிராக். மேல்மூடியின் நடுப்பகுதி சற்றே தாழ்ந்தும் இரு ஓரங்கள் உயர்ந்தும் இருக்கும், கிழக்காசியக் கோயில் கூரையை நினைவூட்டும் பகோடா கூரைக்குப் பின்னால், பாதுகாப்புப் பொறியாளர் பெலா பாரெனியின் சிந்தனை இருக்கிறது. ஓரங்கள் உயர்ந்திருப்பதால் கதவுக் கண்ணாடிகளும் உயரமாக அமைந்தன. ஏறி இறங்குவது எளிதாயிற்று. நடுவில் உள்ள வளைவு கூரைக்கு உறுதியையும் தந்தது. மோதலில் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, பயணிகள் அமரும் பகுதி மட்டும் குலையாமல் நிற்க வேண்டும் என்ற அவருடைய கொள்கையின்படி கட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் இது.

மலையில் வளர்ந்த எந்தப் பழைய காருக்கும் முதல் எதிரி துரு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையே அதிகம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாது. ஆகவே என்னுடன் வந்த கோவை மெக்கானிக் முதலில் எடுத்தது காந்தத்தை. கதவிலும் பானெட்டிலும் டிக்கி மூடியிலும் அது ஒட்டவில்லை என்றதும் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த மாடலில் அந்தப் பாகங்கள் அலுமினியத்தால் ஆனவை. கவலைப்பட வேண்டியவை இரும்பாலான மற்ற பகுதிகள்: கதவுக்குக் கீழ் ஓடும் சில் பகுதி, தரைத்தகடு, பேட்டரித் தட்டின் அடிப்பகுதி, ஸ்டெப்னி வைக்கும் குழி, ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள மடிப்புகள். சில் பகுதியில் காந்தம் முழு நீளத்துக்கும் ஒட்டியது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஓட்டுநர் பக்கத் தரையில் மேலோட்டமான துரு இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தியும் தகடு உள்வாங்கவில்லை. பின்பக்க இடது மட்கார்டு மட்டும் பிற்காலத்தில் மீண்டும் பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. நிறம் ஒரு சாயல் மாறியிருப்பது வெயிலில் தெரியும். நாங்கள் கேட்பதற்கு முன்பே உரிமையாளர் அதைச் சொல்லிவிட்டார். சேஸிஸ் எண் 113.042 என்றும் இன்ஜின் எண் 127 என்றும் தொடங்குகின்றன. இரண்டும் இந்த மாடலுக்கு உரியவையே.

ஆனால் இந்தக் காரை வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் பாகம், பானெட்டுக்கு அடியில் இன்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டுள்ள போஷ் இன்ஜெக்ஷன் பம்ப்தான். 2,306 சிசி கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட இந்த இன்ஜினுக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆறு பிளஞ்சர்களை, அதாவது பெட்ரோலை அழுத்தித் தள்ளும் சிறு உருளைகளைக் கொண்ட இந்த இயந்திர பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து அனுப்புகிறது. அதில் காற்றழுத்தத்தை உணரும் கேப்ஸ்யூல் ஒன்று உண்டு. மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும்போது அந்த உலோக உறை விரிந்து, பெட்ரோலின் அளவைக் குறைக்கும்படி பம்பின் நெம்புகோலை நகர்த்துகிறது. மேட்டுப்பாளையத்துக்குச் சரியாக இருக்கும் கார்புரேட்டர் ஊட்டியில் பெட்ரோலை அளவுக்கு மீறிக் கொடுக்கும் என்பதும், அதற்காகப் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் மலைப்பகுதி மெக்கானிக்குகள் அறிந்தவை. அந்த வேலையை இந்தக் கார் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தானாகச் செய்துகொண்டது. கேப்ஸ்யூல் பழுதானால் உயரத்தில் கரும்புகை வரும், பிளக்குகளில் கரி படியும், பெட்ரோல் நாற்றம் உள்ளே அடிக்கும்.

ஆகவே வெலிங்டன், அருவங்காடு வழியாக ஊட்டி வரை ஓட்டிப் பார்த்தோம். குளிர்ந்த இன்ஜின் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. சூடேறியதும் ஐடில், அதாவது கார் நிற்கும்போது இன்ஜின் சுழலும் வேகம், நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுகளுக்கு அருகில் வந்து நின்றது. சூடேறும் வரை கூடுதல் பெட்ரோல் தரும் தெர்மோஸ்டாட் அமைப்பும் பழுதில்லாமல் இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் நிறுத்திக் கழற்றிய பிளக், கரி இல்லாமல் வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தது. அந்த உயரத்தில் 150 குதிரைத்திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய காற்றைப் பம்பால் அடர்த்தியாக்க முடியாது. இருந்தும் இரண்டாவது கியரில் வளைவுகளை ஏறும்போது திணறல் இல்லை. 1963இல் ஸ்பா–சோபியா–லீஜ் நெடும்பந்தயத்தில் ஒய்கன் பேரிங்கர் இதே மாடலை ஓட்டி வென்றார் என்பதை, ஸ்டீயரிங் வளைவுகளில் காட்டும் நிதானத்தைப் பார்த்த பிறகு எளிதாக நம்பலாம்.

இறக்கத்தில் மட்டும் கவனம் தேவை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம்மும் இருக்கின்றன. பிரேக் நேராகப் பிடிக்கிறது. ஆனால் பின்பக்கத்தில் இருப்பது ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அதன் சாய்வும் மாறும் பழைய வகை அச்சு. ஈரமான கொண்டை ஊசி வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் பின்புறம் விலகப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே மிதமாக மிதித்துக்கொண்டு செல்ல வேண்டும். இன்றைய கார்களில் பழகிய இளைஞர்கள் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் இதைக் கற்றுக்கொள்ள முயல வேண்டாம்.

துணிக்கூரையைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி இல்லை. கான்வாஸ் சுருங்கிவிட்டது, பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகிவிட்டது. பகோடா மேல்மூடியோ பழுதின்றி இருக்கிறது. எடுத்து மாட்ட இருவர் வேண்டும். தோல் இருக்கைகளில் வெடிப்புகள் உண்டு, அவற்றை மாற்றக் கூடாது என்பது என் கருத்து. டாஷ்போர்டுக் கடிகாரம் ஓடவில்லை. கதவு ரப்பர்கள் இறுகிவிட்டன, மழை ஒழுகும்.

இந்த நிலையில் கார் இருப்பதற்குக் காரணம் தோட்டத்தின் பழைய டிரைவர். “வாரத்துல ஒரு நாளாச்சும் ஓட்டாம விட்டதில்லீங்க சார்” என்றார் அவர். இன்ஜெக்ஷன் பம்புக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது, ஏனெனில் தேங்கிய பெட்ரோலில்தான் பிளஞ்சர்கள் இறுகிப்போகும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் செலவு பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது. உதிரிப் பாகங்களுக்கு மெர்சிடிஸின் கிளாசிக் பிரிவு ஜெர்மனியிலிருந்து இன்றும் வழி செய்கிறது. கோவையில் டீசல் பம்ப் சரிசெய்யும் கடைகள் பல உண்டு என்றாலும், இந்த மாடலில் முன்அனுபவம் இல்லாத கடையில் இந்தப் பம்பைத் திறக்கக் கொடுக்காதீர்கள்.

மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத கார்களை வின்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், இந்தக் காரின் மெட்ராஸ் எண்ணை இழக்க வேண்டியதில்லை. ஆனால் வின்டேஜ் பதிவு பெற்றால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்ட முடியாது. வாரம் ஒரு முறை ஓட்டியே காப்பாற்றப்பட்ட காருக்கு இந்தக் கட்டுப்பாடு ஒத்துவருமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டே பதிவு வகையை முடிவுசெய்யுங்கள். ஆர்.சி. புத்தகம் இன்னும் குடும்பத்தின் மூத்தவர் பெயரில் இருக்கிறது; வாரிசுகள் அனைவரின் கையெழுத்தும் பெற்ற ஒப்புதல் கடிதம் தயாராகும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.