வளரும் ஹை சேர்: பெட்டியைப் பார்க்காதீர்கள், கால் பலகையைப் பாருங்கள்

குழந்தையை மேசை உயரத்தில் உட்கார வைத்து ஊட்டும் ஹை சேர், அதுவும் பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளக்கூடியது, வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கால் வைக்கக் கம்பி இல்லாத உயரமான ஸ்டூல் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, கால்கள் அந்தரத்தில் தொங்க ஒரு தட்டுச் சாப்பாட்டை முடியுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் தொடை மரத்துப்போகும். இடுப்பு முன்னால் சரியும். ஒரு கை தானாகவே மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பல ஹை சேர்களில் குழந்தை உட்கார்ந்திருப்பது இப்படித்தான். அது நெளிந்தால், சரிந்தால், எழுந்து நிற்கப் பார்த்தால் நாம் சேட்டை என்கிறோம்.

இரண்டு குழந்தைகளுக்காக மூன்று வகை நாற்காலிகளோடு மல்லுக்கட்டியதில் எனக்கு மிஞ்சிய அளவுகோல் ஒன்றுதான். காலுக்குப் பலகை இருக்கிறதா, பிள்ளை வளர வளர அது கீழே இறங்குமா? பெட்டியின் மேல் எத்தனை வயது வரை என்று போட்டிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது மரச்சட்ட நாற்காலி. இந்த வகைக்கு முன்னோடி ஸ்டோக்கே நிறுவனத்தின் டிரிப் டிராப். நார்வேக்காரரான பீட்டர் ஓப்ஸ்விக் வடிவமைத்து 1972-இல் வெளிவந்தது. அவருடைய மகன் குழந்தை நாற்காலியைத் தாண்டி வளர்ந்துவிட்டான்; பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தாலோ கால் தொங்கியது, கை மேசைக்கு எட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது. சாய்ந்து நிற்கும் இரண்டு பக்கச் சட்டங்கள், அவற்றின் உட்புறத்தில் ஏணிப்படி மாதிரி வரிசையாகப் பள்ளங்கள். உட்காரும் பலகை ஒன்று, கால் பலகை ஒன்று. திருகைத் தளர்த்தி, பலகையை உருவி வேறு பள்ளத்தில் செருகி, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. உயரம் மட்டுமல்ல, பலகையை முன்னும் பின்னும் நகர்த்தி ஆழத்தையும் மாற்றலாம். குட்டித் தொடைக்கு நீளமான பலகை சரிப்படாது என்பதால் இது பெரிய விஷயம்.

சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க அளவுநாடா வேண்டாம். முழங்கை மேசைப் பலகையின் மட்டத்துக்கு வர வேண்டும், முழங்கால் செங்கோணமாக மடங்க வேண்டும், உள்ளங்கால் முழுதாகப் பலகையில் பதிய வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இப்படி உட்கார வைத்த அன்றே என் சின்னவள் ஸ்பூனைத் தன் கையால் வாய்வரை கொண்டுபோனாள். அதற்கு முன் அவளுடைய பாதிக் கவனம் கீழே விழாமல் இருப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

குறை இல்லாமல் இல்லை. இது மேசையோடு ஒட்டிப் போட்டுப் பயன்படுத்தவே செய்யப்பட்டது. வழக்கமான சாப்பாட்டு மேசை ஏறத்தாழ 72 முதல் 76 செ.மீ. உயரம் இருக்கும், அதற்குத்தான் இது ஒத்துவரும். சமையலறை மேடை உயரத்தில் நின்றோ உயர ஸ்டூலிலோ சாப்பிடுகிற வீட்டில் இது வீண். 6 மாதத்திலிருந்து 3 வயது வரை தேவைப்படும் முதுகுச் சாய்வும் முன் தடுப்பும் சேர்ந்த பேபி செட்டைத் தனியாக வாங்க வேண்டும், டிரேயும் தனி. பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கும் இணைப்பும் உண்டு, ஆனால் அது 9 கிலோ வரைதான். அத்தனை குறுகிய காலத்துக்கு அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, பிள்ளை மேசை விளிம்பில் காலை ஊன்றி உந்தினால் நாற்காலி பின்னால் சாயப் பார்க்கும். அதைத் தடுக்கச் சட்டத்தின் பின்பக்கக் கீழ் நுனியில் நீட்டிய பிளாஸ்டிக் துண்டுகள் வருகின்றன. பழசாக வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அவற்றைத்தான்.

இதே யோசனையைக் கொஞ்சம் எளிமையாகச் செய்தது ஹாக் நிறுவனத்தின் ஆல்பா பிளஸ். இதுவும் மரம்தான், 90 கிலோ வரை தாங்கும். பார்வைக்கு அத்தனை நயம் இல்லை, ஆனால் குழந்தையின் பாதத்துக்கு நயம் தெரியப்போவதில்லை. பட்ஜெட் இடித்தால் யோசிக்காமல் இந்தப் பக்கம் வரலாம்.

அடுத்தது, மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று விற்கிற பல்வடிவ நாற்காலி. சக்கரம், பஞ்சு மெத்தை, பின்னால் சாயும் முதுகு, கழற்றினால் பெரியவர்கள் நாற்காலியின் மேல் வைத்துக் கட்டும் பூஸ்டர் இருக்கை, இன்னும் கழற்றினால் குட்டி நாற்காலி. நாங்கள் மூத்தவனுக்கு முதலில் வாங்கியது இதைத்தான், பட்டியலைப் பார்த்து மயங்கி. சாயும் முதுகு புட்டிப்பால் கொடுக்க வசதி, ஆனால் திட உணவு கொடுக்கும்போது குழந்தை நிமிர்ந்துதான் உட்கார வேண்டும் என்பதால் அந்த வசதிக்குச் சீக்கிரமே வேலை இல்லாமல் போகிறது. பூஸ்டராக மாற்றிப் பெரியவர்கள் நாற்காலியில் கட்டிய அன்று கால் பலகை அடிச்சட்டத்தோடு பரணுக்குப் போய்விட்டது. பெயர் மாறியது, வடிவம் மாறியது, கால் மட்டும் மறுபடி அந்தரத்தில். ஒன்றரை வயதில் டிரேயின் கொக்கி உடைந்தது. மாடல் மாறிவிட்டதாம், உதிரி கிடைக்கவில்லை. பெல்ட் நுழையும் ஓட்டைகளில் கூழ் போய் அடைத்துக்கொள்வதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

மூன்றாவது, வளரவே வளராத ஒன்று: ஐகியாவின் ஆன்டிலோப். வழவழப்பான பிளாஸ்டிக் இருக்கை, கழற்றக்கூடிய நாலு கால், ஒரு பெல்ட். 15 கிலோ வரை, அதாவது ஏறக்குறைய 3 வயதோடு கணக்குத் தீர்ந்தது. கால் பலகை கிடையாது. பிறகு ஏன் இந்தப் பட்டியலில் என்றால், இது எதையும் நடிப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் குளியலறைக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். இதன் கால்களில் மாட்டிக்கொள்ளும் கால் பலகையை வேறு தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். அதைப் போட்டால் பெரிய குறை தீர்கிறது. அகன்று நிற்கும் அந்தக் கால்களில் இருட்டில் நீங்கள் இடறத்தான் செய்வீர்கள், அதற்கு மருந்தில்லை. 3 வயதுக்குப் பிறகு சாதாரண நாற்காலி, கெட்டியான திண்டு, காலுக்கு அடியில் ஆடாத ஒரு பெட்டி என்று சமாளித்துக்கொள்ளலாம்.

பெட்டியில் பாதுகாப்புத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் இஎன் 14988, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்404; இரண்டாவது அங்கே 2019 முதல் கட்டாயம். ஐரோப்பியத் தரம் பேசுவது 3 வயது வரையிலான குழந்தைகளைப் பற்றி. எந்த நாற்காலியானாலும் இரண்டு கால்களுக்கும் நடுவே வருகிற பட்டை அவசியம். டிரே இருக்கிறதே என்று பெல்ட் போடாமல் விடக்கூடாது. குழந்தை அடியில் வழுக்கி இறங்கிவிடும்.

என்னைக் கேட்டால், ஒரே வீடு, வழக்கமான மேசை, இன்னொரு பிள்ளைக்கும் வேண்டியிருக்கும் என்றால் மரச்சட்டம். அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கும் தாத்தா பாட்டி வீட்டில் போட்டு வைக்கவும் பிளாஸ்டிக்கும் ஒரு கால் பலகையும் போதும். நடுவில் சொன்ன பல்வடிவ வகையை, உருட்டிக்கொண்டு அறை அறையாகப் போக வேண்டிய அவசியம் இருந்தால் மட்டும் பார்ப்பேன்.

மரச்சட்டம் வாங்கினால், அதோடு வரும் அலன் கீயை, அதாவது திருகைத் தளர்த்தும் அறுகோணச் சாவியை, உட்காரும் பலகையின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எங்களுடையது தொலைந்து மூன்று மாதம் கால் பலகை பழைய பள்ளத்திலேயே நின்றது. சின்னவள் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு சாப்பிட்டாள்.