ஹாரிஸ் கவுண்டி குற்ற வழக்குப் பதிவுகள்: பல வருடம் தேடிப் பார்த்ததில் தெரிந்தவை

ஹூஸ்டனில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்க வருகிறவர்களிடம் "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா?" என்று கேட்டே ஆக வேண்டும். ஆமாம் என்றால், அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். ஹூஸ்டனின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டியில் இருக்கிறது; கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதனால் அங்கே நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் அதிகாரியான டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் இணையதளம் என் கணினியில் அநேகமாக எப்போதும் திறந்தே இருக்கும். இங்கே புதிதாக வந்து தேடுகிறவர்களுக்கு எது கைகொடுக்கும், எது குழப்பும் என்பதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், இது இலவசம். வழக்கின் விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு கணக்கை இலவசமாகத் தொடங்கிக்கொண்டால் தாக்கலான ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகளையும் பார்க்கலாம். கூகுளில் தேடினால் ஆள் தேடித் தருவதாகச் சொல்லும் தனியார் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். பெயரைப் போட்டதும் "கைதுப் பதிவு இருக்கலாம்" என்று சிவப்பில் காட்டி, கிரெடிட் கார்டு கேட்கும். அவர்கள் விற்பது பெரும்பாலும் இதே மாதிரி அரசுப் பதிவுகளிலிருந்து எப்போதோ எடுத்துச் சேர்த்துவைத்த தரவைத்தான். எடுத்த தேதிக்குப் பிறகு வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் அது அதில் வராமலே போகலாம். மூலப்பதிவு காசில்லாமல் கிடைக்கும்போது அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எந்தக் கவுண்டியில் தேடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டெக்சஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. குற்றம் எங்கே நடந்ததாகப் போலீஸ் சொல்கிறதோ அந்தக் கவுண்டியில்தான் பொதுவாக வழக்கு நடக்கும். நாம் குடியிருக்கும் கவுண்டி எது என்பது கணக்கில்லை. ஹூஸ்டன் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, சுகர்லேண்ட் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் இருக்கிறது. மீனாட்சி கோயில் இருக்கும் பேர்லேண்டின் பெரும்பகுதி பிரசோரியா கவுண்டி. உட்லேண்ட்ஸ் பக்கம் போனால் பெரும்பாலும் மாண்ட்கோமரி. கேட்டி நகரமோ ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்றிலும் கால் வைத்திருக்கிறது. ராத்திரி விருந்து முடிந்து வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தேட ஆரம்பிப்பேன். ஒரு கவுண்டியில் பெயர் வரவில்லை என்றால், அந்தக் கவுண்டியில் வரவில்லை என்பது மட்டும்தான் பொருள்.

கவுண்டி தெரிந்த பிறகு நீதிமன்றம். ஹாரிஸில் ஃபெலனி எனப்படும் பெரிய குற்றங்கள் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகளில் நடக்கும். மிஸ்டிமீனர் எனப்படும் சிறிய குற்றங்களில் 'ஏ', 'பி' வகுப்புகள் கவுண்டி கிரிமினல் கோர்ட் எனப்படும் 16 நீதிமன்றங்களில். 'பி' வகுப்பு என்றால் 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 'ஏ' வகுப்பு என்றால் ஒரு வருடம் வரை, 4,000 டாலர் வரை. இந்த இரண்டு அடுக்கின் பதிவுகளும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமே இருப்பதால் ஒரே இடத்தில் தேடிவிடலாம். அதற்குக் கீழே 'சி' வகுப்பு, 500 டாலர் வரை அபராதம் மட்டும். வேகமாக வண்டி ஓட்டியதற்கு வரும் டிக்கெட் மாதிரியானவற்றை இந்தத் தளத்தில் தேடிப் பயனில்லை. அவை ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் எனப்படும் கீழ்நிலை நீதிமன்றங்களிலோ நகர நீதிமன்றத்திலோ இருக்கும், அவற்றுக்குத் தனித்தனித் தேடல். ஃபெடரல் வழக்கென்றால் பேசர் என்ற வேறொரு தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதக் காலாண்டில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் அதையும் வாங்குவதில்லை.

இனி பெயர். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம்முடைய பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். பாஸ்போர்ட்டைப் பின்னால் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்திருப்பார்கள். டிரைவிங் லைசென்ஸ் பழைய பெயரிலேயே இருக்கும். சாலையோரத்தில் போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்து எழுதுவதுதான் பின்னால் வழக்கிலும் ஏறுகிறது. ஆக, ஒரே மனிதரை அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்து ஒருமுறை, சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராக வைத்து ஒருமுறை, எஃப்என்யூ சேர்த்து ஒருமுறை என்று தேட வேண்டியிருக்கிறது. முத்துக்குமார் ஒரே சொல்லாகவும் இருப்பார், முத்து தனி குமார் தனியாகவும் இருப்பார். லக்ஷ்மி, லட்சுமி, லெட்சுமி என்று எழுத்தும் மாறும். இத்தனையும் தேடிய பிறகுதான் "இல்லை" என்று நான் சொல்வேன்.

பெயர் கிடைத்துவிட்டால் அத்தோடு நின்றுவிடக் கூடாது, பிறந்த தேதியைப் பாருங்கள். வழக்கின் விவரப் பக்கத்தில் அது இருக்கும், உயரம் எடை போன்ற அடையாளங்களும் இருக்கும். ஹாரிஸில் வழக்கில் சிக்கும் ஒவ்வொருவருக்கும் எஸ்பிஎன் என்று ஓர் எண் கொடுப்பார்கள். அடுத்த வழக்கு வந்தாலும் அதே எண்தான் தொடரும். அது கையில் கிடைத்துவிட்டால் அவருடைய மற்ற வழக்குகளை இன்னொருவருடையவற்றோடு கலக்காமல் பிரித்துவிடலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் கணிசமானவை மாப்பிள்ளை விசாரணை. "தம்பி, பையன் ஹூஸ்டன்ல இருக்கான், கேஸ் கீஸ் ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லேன்" என்பார்கள். பெண்ணைப் பெற்றவர்களின் பயம் நியாயமானது, பொதுப்பதிவைப் பார்ப்பதில் தப்பும் இல்லை. ஆனால் இங்கே கார்த்திக்குகளும் செந்தில்குமார்களும் எத்தனையோ பேர். ஒருமுறை ஒரு குடும்பம் அடிதடி வழக்கு ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து, சம்பந்தத்தையே முறித்துவிடும் நிலையில் இருந்தார்கள். பிறந்த தேதியைக் கேட்டு ஒப்பிட்டேன், வயதில் பதினைந்து வருடத்துக்கு மேல் வித்தியாசம். வேறு யாரோ. ஒரு பையனின் கல்யாணம் அந்த ஒரு கட்டத்தில் இருந்தது. அதனால் பிறந்த தேதி தராமல் தேடச் சொன்னால் இப்போதெல்லாம் யாருக்கும் தேடித் தருவதில்லை.

அடுத்து, வழக்கைப் படிக்கும் விதம். பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது குற்றச்சாட்டின் பெயர். அதைப் பார்த்ததும் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. குற்றச்சாட்டு என்பது அரசுத் தரப்பு சொல்வது, அவ்வளவுதான். நிலை, முடிவு என்ற கட்டங்களுக்குப் போங்கள். தள்ளுபடி என்று இருக்கிறதா, தண்டனை என்று இருக்கிறதா, இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபெலனி வழக்கில் அரசுத் தரப்பு குற்றப்பத்திரிகையை மாற்றி மறுபடி தாக்கல் செய்யும்போது புது வழக்கு எண் வந்து, பழைய எண் தள்ளுபடி ஆகும். பழையதை மட்டும் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தெரியும். நேர் எதிராக, ஒரே சம்பவத்துக்கு மூன்று எண் இருப்பதைப் பார்த்து மூன்று குற்றம் செய்தவர் என்று நினைப்பவர்களும் உண்டு. தள்ளுபடி மனுவின் ஸ்கேன் பிரதியைத் திறந்தால் காரணம் எழுதியிருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் படிக்கும் பொறுமை வேண்டும்.

டெஃபர்டு அட்ஜுடிகேஷன் என்று ஒரு முடிவு அடிக்கடி வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுப்பதில்லை என்றோ சொன்ன பிறகு, நீதிபதி குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமல் கண்காணிப்பில் வைப்பார். காலக்கெடுவை ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சஸ் சட்டப்படி இது தண்டனை ஆகாது. ஆனால் குடியேற்றச் சட்டத்துக்கு அப்படியில்லை. 1996-ல் வந்த திருத்தத்திலிருந்து, ஒப்புதல் ஒன்று இருந்து, சுதந்திரத்துக்கு ஏதாவது கட்டுப்பாடும் விதித்திருந்தால் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். "தள்ளுபடின்னுதானே போட்டிருக்கு" என்று நிம்மதியாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லும் நேரம்தான் என் வேலையிலேயே கனமானது. 2019 செப்டம்பர் 1 முதல், முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களில் சிலருக்கும் டெக்சஸில் இது கிடைக்கிறது. எச்1பி-யில் இருப்பவர்கள் அதற்குச் சம்மதிக்கும் முன் குற்றவியல் வழக்கறிஞரிடம் மட்டுமல்லாமல் குடியேற்ற வழக்கறிஞரிடமும் தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டெக்சஸில் 17 வயது ஆனவர் குற்றச் சட்டத்துக்குப் பெரியவர். அதற்குக் கீழே இருந்தால் சிறார் நீதிமன்றம், பதிவு பொதுவில் வராது. உயர்நிலைப் பள்ளிக் கடைசி வருடப் பையன் ஒரு பார்ட்டியில் மாட்டிக்கொண்டால் அவன் பெயர் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவில் வரும்.

தளத்தில் எல்லாமே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கைதாகி, வழக்கே பதியாமல் விட்டிருந்தால் நீதிமன்றப் பதிவில் இருக்க வாய்ப்பில்லை. எக்ஸ்பங்ஷன் உத்தரவு வாங்கியவர்களின் பதிவு அழிக்கப்பட்டுவிடும். நான்டிஸ்க்ளோஷர் உத்தரவு வாங்கியிருந்தால் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறையும், போலீசும் குறிப்பிட்ட அரசு அமைப்புகளும் பார்க்க முடியும். இதில் குடியேறியவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: பதிவை அழிக்க மனுப் போடுவதற்கு முன்னாலேயே சான்றிட்ட நகல்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அழித்த வழக்கைப் பற்றியும் குடியேற்றத் துறை கேட்கும். நகல் வாங்க நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே கொடுக்க எதுவும் இருக்காது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த ஒரு சம்பவம். வேலைக்குச் சேர வேண்டிய ஓர் இளைஞருக்குப் பின்னணிச் சோதனை செய்த தனியார் நிறுவனம் ஒன்று, அதே பெயர் கொண்ட இன்னொருவரின் வழக்கை இவர் அறிக்கையில் ஏற்றிவிட்டது. பிறந்த தேதியைக்கூட ஒப்பிடவில்லை. 1970-ன் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, அறிக்கையை வைத்து வேலையை மறுக்கும் முன் அதன் நகலை விண்ணப்பித்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். அவர் ஆட்சேபித்தால் அந்த நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். வழக்கு விவரப் பக்கத்தையும், இவர் பெயரிலும் பிறந்த தேதியிலும் பதிவு எதுவும் இல்லை என்ற சான்றையும் இணைத்து அனுப்பினோம். திருத்தினார்கள். ஆனால் அதற்குள் அந்தப் பையன் பட்ட அவமானத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேலை தேடத் தொடங்கும் முன் தன் பெயரைத் தானே ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை, எல்லோரும் செய்ய வேண்டியது.

கடைசியாக நகல் விஷயம். இணையத்தில் இலவசமாகப் பார்க்கும் பிரதியின் குறுக்கே அது அதிகாரபூர்வ நகல் அல்ல என்று அச்சிட்டிருக்கும். படித்துப் புரிந்துகொள்ள அது போதும், குடியேற்ற அதிகாரிக்குப் போதாது. முத்திரையோடு கூடிய நகலுக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்தின் குற்றவியல் பிரிவில் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றங்கள் டவுன்டவுனில் 1201 பிராங்க்ளின் தெருவில் இருக்கின்றன. 2017-ல் ஹார்வி புயல் வெள்ளத்தில் சேதமாகி, நீதிமன்றங்கள் வேறு கட்டடங்களுக்குச் சிதறிப்போயிருந்த அதே கட்டடம்தான். போகும்போது வழக்கு எண்ணை எழுதி எடுத்துப் போங்கள். தீர்ப்பு அல்லது தள்ளுபடி உத்தரவு, குற்றப்பத்திரிகை, கண்காணிப்பு இருந்திருந்தால் அது முடிந்ததற்கான உத்தரவு என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் வாங்குங்கள், ஒன்று விண்ணப்பத்தோடு போகும், இன்னொன்று நேர்காணலுக்குப் போகும்போது கையில் இருக்கட்டும்.