மாரத்தான் பயிற்சிக்குச் சுமை வரைபடம்: மும்பையில் சில பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

மும்பை மாரத்தானின் முழுத் தொலைவான 42.195 கிலோமீட்டருக்குத் தயாராவதற்காக, பயிற்சிச் சுமையை வரைபடமாகக் காட்டும் செயலி ஒன்றைச் சில பருவங்களாகப் பயன்படுத்திவருகிறேன். செம்பூரில் குடியிருந்து, ஹார்பர் ரயிலில் ஃபோர்ட் பகுதிக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு அது எந்த அளவு கைகொடுக்கும் என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

உடலியல் ஆய்வாளர் எரிக் பானிஸ்டர் குழுவினர் 1975இல் முன்வைத்த கணித மாதிரியிலிருந்து வளர்ந்ததே இந்த வரைபடம். ஒருவரால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 100 புள்ளிகள் என்று வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புள்ளி வழங்கப்படுகிறது. தினசரிப் புள்ளிகளின் 42 நாள் சராசரியை உடல்தகுதி என்றும் 7 நாள் சராசரியைக் களைப்பு என்றும் கொண்டு, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் தயார்நிலை கிடைக்கிறது. மூன்று வாரம் சுமையைக் கூட்டி நான்காம் வாரம் குறைக்கும் வழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்க இது மிகவும் உதவுகிறது. உற்சாகத்தில் தூரத்தை மளமளவென்று ஏற்றினால் களைப்புக் கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் மும்பையின் பருவநிலையில் தொடங்குகிறது. போட்டி வழக்கமாக ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று நடப்பதால், 18 வாரத் திட்டத்தைச் செப்டம்பர் நடுவில், மழை விடைபெறாதபோதே தொடங்க வேண்டியிருக்கிறது. அதை அடுத்து அக்டோபர் வெயில். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் ரத்தம் போவதால், டிசம்பரில் நிதானமாகத் தோன்றும் அதே வேகத்தில் இதயத்துடிப்பு கணிசமாக ஏறிவிடுகிறது. ஆகவே புள்ளிகளை வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால் அக்டோபர் ஓட்டங்கள் உண்மையைவிட இலகுவாகத் தெரிகின்றன. துடிப்பைக் கொண்டு கணக்கிட்டால், குளிர் வந்ததும் புள்ளிகள் குறைந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிசம்பரில் உடல்தகுதி சரிவதுபோலத் தோன்றுகிறது. நான் நவம்பர் வரை துடிப்பையும் அதன்பின் வேகத்தையும் அளவுகோலாகக் கொள்கிறேன். இரண்டு காலங்களின் கோடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை.

துடிப்பை அளப்பதற்கு மார்புப் பட்டை வாங்குவது நல்லது. கைக்கடிகாரத்தின் உணரி, வியர்வையில் நனைந்து சற்றே தளர்ந்தாலும், துடிப்பை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. மரைன் டிரைவில் பேசிக்கொண்டே ஓடும்போது நிமிடத்துக்கு 175 என்று காட்டினால் சந்தேகம் இதயத்தின்மேல் போகவேண்டியதில்லை.

வரைபடத்தின் கணக்கில் வராதவையும் பல. நெரிசலான ரயிலில் நின்றுகொண்டே வீடு திரும்புவதற்குப் புள்ளி கிடையாது. நவராத்திரியில் மாட்டுங்கா வரை கொலு பார்க்கப் போய், சுண்டலும் பேச்சுமாக நேரமாகி, நள்ளிரவில் படுத்துவிட்டு நான்கரைக்கு எழுவதும் அதற்குத் தெரியாது. இவற்றுக்காகத் தூங்கிய நேரத்தையும் காலையில் எழுந்தவுடன் பார்க்கும் நாடித்துடிப்பையும் செயலியின் குறிப்புப் பகுதியில் எழுதிவைக்கிறேன். இரண்டு இரவுகள் அடுத்தடுத்து ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால், மறுநாள் வேகப் பயிற்சி மெது ஓட்டமாக மாறிவிடும், வரைபடம் என்னதான் பச்சைக்கொடி காட்டினாலும். இந்த ஒரு விதி, செயலி தரும் எல்லா எச்சரிக்கைகளையும்விட எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

போட்டிப் பாதையில் வரும் பெடர் சாலை ஏற்றத்துக்கும் தனிப் பயிற்சி தேவை. ஏறும்போது துடிப்பு கூடுவதைச் செயலி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இறங்கும்போது தொடைத் தசைகள் படும் அடியை அது ஏறத்தாழக் கவனிப்பதே இல்லை. ஏற்ற இறக்கப் பயிற்சிக்கு மறுநாள் புள்ளி குறைவாகவே இருந்தாலும் ஓய்வு எடுத்துக்கொள்கிறேன்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் வரைபடம் முழுமையாகச் சோபிக்கிறது. வேகத்தைக் கைவிடாமல் வாராந்திரத் தூரத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும்போது, உடல்தகுதிக் கோடு சற்றே இறங்க, களைப்புக் கோடு சரசரவென்று விழுவதைக் கண்ணால் பார்ப்பது, கூடுதலாக ஓடத் துடிக்கும் கால்களைக் கட்டிப்போட உதவுகிறது. போட்டி முடிந்தபின் சில வாரங்களுக்கு எல்லாக் கோடுகளும் சரியும் என்பதால் அப்போது அதைத் திறப்பதில்லை. நான் பயன்படுத்தும் செயலியில் கட்டணப் பதிப்பில்தான் இந்த வரைபடம் உண்டு. ஆண்டுச் சந்தாவைத் தவிர்த்து, செப்டம்பர் முதல் ஜனவரி வரை மாதச் சந்தா மட்டும் கட்டிவருகிறேன்.